சுங்கை சிப்புட்டில் தூண்டிலோடு சில நாட்கள்

வெள்ளி இரவு

நான் கடல் பக்கத்து ஆள். மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தூண்டில் என்றால் ஆற்றுமுகம், சேற்றுக் கரை, முள்ளில் கோத்த உயிர் இறால், சியாக்காப் மீன். தமிழ்நாட்டில் அதைக் கொடுவா என்பார்கள். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அட்டவணை பார்த்த பிறகுதான் வீட்டை விட்டே கிளம்புவோம். மலையடிவாரத்து ஆறு, அணைக்கட்டு ஏரி, செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைக் காட்டு வாய்க்கால் இதெல்லாம் எனக்குப் புதுசு. நீண்ட விடுமுறை கிடைத்ததும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் தாய்மாமா வீட்டுக்கு வண்டியை விட்டேன். அன்றன்றைக்கு நடப்பதை அன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

ஊரைப் பற்றி ரெண்டு வார்த்தை. ஈப்போவுக்கு வடக்கே, ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த தோட்டப் பட்டணம் இது. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள எல்பில் தோட்டத்திலும் அதற்குப் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் சொந்த ஊரும் இதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய காலத்தில், தொழிலாளர்களே பணம் சேர்த்து நிலம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். இதெல்லாம் நம் ஆட்களுக்குத் தெரிந்த கதை. நான் வந்தது மீனுக்கு.

இரவு எட்டு மணிக்கெல்லாம் மாமா என்னை ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போய்விட்டார். அவருடைய தூண்டில் கூட்டாளிகள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மாமா தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிரே கிராணி ஐயா. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதியவர், எழுபதைத் தாண்டிவிட்டார். பக்கத்தில் லோரி அண்ணன். செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்கு ஓட்டுகிறார். அப்புறம் மாமா மகன், எனக்கு மச்சான், ஈப்போவில் தொழிற்சாலை வேலை.

தே தாரிக் வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

லோரி அண்ணனுக்கு ஜம்ப் ஃப்ராக் தவிர வேறு எதுவும் தூண்டிலே கிடையாது. மரத்திலோ பிசினிலோ செய்த சின்னத் தவளை, வயிற்றுக்கடியில் மேல்நோக்கி நிற்கும் இரட்டை முள், வாலில் சுழலும் தகடு. "இரையைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கிறது தூங்குறதுக்குச் சமம். மீனை நாம தேடிப் போகணும்" என்கிறார். கிராணி ஐயா சிரித்துக்கொண்டே, "நீ தேடிப் போ. நான் உட்கார்ந்த இடத்துக்கு அது வருது" என்றார். மச்சான் ரெண்டு பக்கமும் சேராமல், மெல்லிய லைன், விரல் தடிமன் கம்பு, ஸ்பூன் என்னும் சின்னச் சின்னத் தகட்டுப் பொய் இரை என்று தனிக் கட்சி. பெரிய மீனைத் தடித்த கயிற்றில் இழுத்துப் போடுவதில் என்ன திறமை இருக்கிறது என்பது அவன் கேள்வி.

மச்சான் ராப்பாலா கதையைச் சொன்னான். பின்லாந்தில் லௌரி ராப்பாலா என்ற மீனவர், வலை போடும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு குட்டி மீன் கொஞ்சம் தள்ளாடி நீந்தினால், பெரிய மீன் அதைத்தான் குறிவைத்து அடிக்கிறது. 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் தகட்டை மேலே ஒட்டி, ஃபோட்டோ நெகட்டிவை உருக்கிப் பூச்சாகப் பூசி, அதே தள்ளாட்டத்தோடு நீந்தும் பொய் மீனைச் செய்தார். இன்று எந்தத் தூண்டில் கடைக்குப் போனாலும் அவர் பெயர் தொங்குகிறது. கேட்டுவிட்டு கிராணி ஐயா சொன்னார்: "பார்த்தியா, அவரும் மொதல்ல தண்ணியைப் பார்த்திருக்காரு. அப்புறம்தான் கத்தியை எடுத்திருக்காரு."

ஐயா கொண்டு வந்திருந்த ரீலை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆபூ கம்பெனியின் அம்பாசடர், சுவீடனில் செய்தது, பக்கத் தகடு ரெண்டும் சிவப்பு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். ஓரங்களில் சிவப்பு தேய்ந்து அலுமினியம் தெரிகிறது. கைப்பிடிக் குமிழ் ஒன்று உடைந்த இடத்தில் பால்மரக் (ரப்பர்) கட்டையைக் கடைந்து மாட்டியிருக்கிறார். சுழற்றினால் சத்தமே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விடுகிறார். புது ரீல்களில் இருக்கும் காந்தப் பிரேக் இதில் இல்லை. வீசும்போது கட்டைவிரல் ஸ்பூலின் மேல் இருக்க வேண்டும். விரல் ஒரு நொடி பிந்தினால் லைன் சிக்கிக் கூடு கட்டிவிடும். "என் பேரன் இதைத் தொடவே பயப்படுறான்" என்றார், கொஞ்சம் பெருமையோடு.

கடைசியில் பேச்சு கனவு மீனுக்கு வந்தது. லோரி அண்ணனுக்கு தெமெங்கோர் ஏரியில் பத்துக் கிலோவுக்கு மேல் ஒரு தோமான், விரால் இனத்துப் பெரிய மீன். மச்சானுக்கு மெல்லிய லைனில் கெலா என்னும் காட்டாற்று மீன் ஒன்று, பிடித்துப் படம் எடுத்து விட்டுவிட வேண்டும். மாமாவுக்கு தாப்பா. பேராக் ஆற்றின் ஆழமான மடுக்களில் கிடக்கும் பெரிய வாளை அது, ஒன்றரை மீட்டர் வரை வளரும். அதைப் பற்றி இங்கே ஒரு பழங்கதை உண்டு. லம்போர் பக்கத்துத் தோக் காடோக் என்பவர் பிடித்த தாப்பாவின் வயிற்றில் தங்கம் இருந்ததாம். இனி என் வம்சம் தாப்பா தின்னாது என்று அவர் சத்தியம் செய்ததால், அந்த வம்சத்து மலாய்க்காரர்கள் இன்றும் அதைத் தொடுவதில்லை, தொட்டால் உடம்பு அரிக்கும் என்பார்கள். "நமக்கு அந்தச் சத்தியம் இல்லை, ஆனா மீனும் இல்லை" என்றார் மாமா.

கிராணி ஐயாவின் கனவு தெமோலே. பெரிய செதில், உடம்பு நெடுகக் கறுத்த கோடுகள், சிப்பியை நொறுக்கித் தின்னும் மீன். சின்ன வயதில் கோலகங்சார் சந்தையில் பார்த்தாராம், அப்பா வாங்கித் தரவில்லையாம். இன்று அது அழியும் நிலையில் உள்ள மீன். அருகிவரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, நாடு விட்டு நாடு விற்கவே கூடாது. பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று வரிசையாக அணை. முட்டையிட மேலே ஏறும் மீன் எங்கே போகும்? "ஒரு தடவை கையில பிடிச்சுப் பார்க்கணும் தம்பி. தண்ணிக்குள்ளேயே வெச்சு. அவ்வளவுதான்" என்றார். நான் என் சியாக்காப் கதைகளை அங்கே சொல்லவில்லை. கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

சனி, மதியம்

காலையில் லோரி அண்ணனோடும் மாமாவோடும் ஹாருவான். நம் விரால்தான். விடிவதற்கு முன்பே செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டோம். தோட்டம் ஒரு கூட்டாளியின் சொந்த நிலம், அனுமதி கேட்டு வைத்திருந்தார். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வராதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உதிர்ந்த பழத்துக்கு எலி வரும், எலிக்கு நாகம் வரும், தண்ணீரில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பயம் வேறு. எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டத்தில் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போகும்போது வெள்ளை முகத்தோடு ஒரு கூகை அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மரவரிசைகளுக்கு நடுவே பாரிட் ஓடுகிறது. ஆளுயர அகலம்கூட இல்லாத வடிகால், மேலே பாசியும் நீர்க்கீரையும். இதிலா மீன் என்று தோன்றும். அண்ணன் பத்து நிமிஷம் தூண்டிலையே எடுக்கவில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் கீரைத் தண்டு ஆடியது. இன்னொரு இடத்தில் லேசாக ஒரு 'ப்ளக்'. விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன், செவுள் மட்டும் அதற்குப் போதாது. அந்த மூச்சை எண்ணித்தான் இடத்தைக் குறிக்கிறார்.

வீச்சு நேராகச் செடிக்குள்ளேயே போகிறது. தவளை விழுந்த கணமே ரீல் சுழல்கிறது. கம்பு முனையைத் தட்டித் தட்டி வேகமாக இழுக்க, தவளை பாசி மேல் துள்ளித் துள்ளி வருகிறது. பின்னால் ஒரு கோடு கிளம்பித் துரத்துகிறது. இங்கேதான் எல்லோரும் பதறி நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினால் விரால் திரும்பிவிடும். அடித்துத் தவறினாலும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ரெண்டாவது தடவை இன்னும் கோபமாக வரும். தண்ணீர் வெடித்ததும் உடனே இழுக்கக் கூடாது. கையில் எடை தெரிந்த பிறகுதான் ஒரே வெட்டு. செடிக்குள் இருந்து பிடுங்க வேண்டும் என்பதால் 40 பவுண்டு பின்னல் லைன், கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்றும் வேக ரீல். மச்சானின் நூல் லைன் இங்கே முதல் தண்டிலேயே அறுந்துவிடும்.

அண்ணனுக்கு ரெண்டு கிடைத்தது, எனக்கு ஒன்று. கையில் பிடித்தால் முழுக்கத் தசை, நழுவும் தசை. சின்னதைத் திருப்பி விட்டோம். பெரியதை அண்ணன் வைத்துக்கொண்டார். அவர் தங்கைக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக் காயம் ஆற ஹாருவான் ரசம் கொடுப்பது இங்கே மலாய், சீன, தமிழ் வீடு எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்.

திரும்பும் வழியில் மாமா தன் காலத்துத் தாஜூரைக் காட்டினார். மூங்கில் குச்சியைக் கரையில் சாய்த்து ஊன்றி, குட்டை நூலில் உயிர்த் தவளையைத் தண்ணீர் மட்டத்தைத் தொடும்படி தொங்கவிட்டுப் போய்விடுவது. விடியற்காலை பால் வெட்டப் போகும் வழியில் இருபது குச்சி, திரும்பும் வழியில் எடுப்பது. அண்ணன் அதைத் தூண்டிலாகவே ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கோ ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. காலையில் வேலை, கையில் காசில்லை, வீட்டில் பிள்ளைகள். அந்த வாழ்க்கைக்கு அந்த முறைதான் சரி. பொழுதுபோக்காக மீன் பிடிக்கும் நாம் அதைக் குறைத்துப் பேசக்கூடாது.

சனி, இரவு

இன்றைய மாலையை நான் மறக்க மாட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

கிராணி ஐயா மாலை நான்கு மணிக்கு ஒரு சின்னத் துணிப்பையோடு வந்தார். உள்ளே உதிர்ந்த செம்பனைப் பழங்கள். தோட்டத்தில் குலை வெட்டும்போது சிதறும் பழத்தைச் சாக்கில் பொறுக்குவார்களே, அதே பழம். எல்லாம் ஒன்றுபோல இல்லை. கறுப்பு மாறாததைத் தனியே எறிந்தார். முழுக்க ஆரஞ்சு நிறமாகி, விரலால் அழுத்தினால் எண்ணெய் கசியும் பழத்தை மட்டும் வைத்துக்கொண்டார். "மூணு நாள் ஈரச் சாக்குல மூடி வெச்சேன். அந்த வாசம் வரணும்." முகர்ந்து பார்த்தேன். புளித்த, கனத்த இனிப்பு வாசம், ஆலைப் பக்கம் போனால் வருமே, அதேதான்.

லிந்தாங் சாலையில் போய் பிளஸ் ஆற்றங்கரையில் இறங்கினோம். பேராக் ஆற்றில் போய்ச் சேரும் கிளை ஆறு இது. மேலே லாசா பக்கம் போகப் போகக் காடும் தெமியார் பழங்குடி மக்களின் ஊர்களும். நாங்கள் நின்ற இடத்தில் எதிர்க்கரையில் நாலைந்து செம்பனை ஆற்றின் மேல் சாய்ந்து நின்றது. ஐயா மீனைத் தேடவில்லை, மரத்தைத்தான் பார்த்தார். எந்த மரத்தில் குலை பழுத்திருக்கிறது, அணில் எங்கே கொறிக்கிறது, பழம் விழுந்தால் நீரோட்டம் அதை எந்த மூலைக்குக் கொண்டு போகும்.

"தம்பி, உங்க ஊர்ல தண்ணி ஏறுது இறங்குதுன்னு பார்க்கிறீங்க. இங்க எந்த மரத்துல என்ன விழுதுன்னு பார்த்துத்தான் தூண்டில் போடணும்."

கோர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழத்துக்குள் கொட்டை கல் போல இருக்கும், முள் இறங்காது. பழத்தின் காம்புப் பக்கம் நுழைத்து, கொட்டையை ஒட்டிச் சதைக்குள்ளேயே வளைத்து, முனையை மறுபக்கம் வெளியே எடுத்துவிடுகிறார். முனை மறைந்திருந்தால் மீன் இழுக்கும்போது கொட்டையில் மோதி வழுக்கிவிடும். பெரிய வாய் மீனுக்கு முழுப் பழம். லம்பாம் மாதிரி சின்ன வாய் மீனுக்கு, சதையைப் பட்டையாகச் சீவி ரெண்டு மடிப்பாகக் கோர்க்கிறார். ஈயக் குண்டு மிகச் சின்னது. பழம் தானாக விழுந்து உருண்டு வருவது போல இருக்க வேண்டும், தரையில் நங்கூரம் போட்டு நிற்கக்கூடாது. முதலில் வெறும் பழம் ஐந்தாறை ஒவ்வொன்றாக எறிந்தார். 'டுப்' என்ற அந்தச் சத்தத்துக்கே மீன் கூடும் என்கிறார்.

காத்திருந்த நேரத்தில் அவர் பேசியதை முடிந்தவரை அப்படியே தருகிறேன். காட்டு ஆறாக இருந்தபோது இந்த மீன்கள் தின்றது அத்தியும் காட்டுக் காயும். 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டார். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அப்புறம் ஆற்றோரம் எல்லாம் பால்மரம் வந்தது. வெயில் காலத்தில் காய் வெடித்துக் கொட்டை ஆற்றில் தெறித்தது, மீன் அதைத் தின்னப் பழகியது. ஜெலாவாட் மீனுக்கு ரப்பர் கொட்டை என்றால் உயிர். 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரத்துக்கென முதன்முதலாகச் செம்பனை போட்டார்கள். பிறகு இங்கேயும் பால்மரத்தை அழித்துவிட்டுச் செம்பனை. மீன் அதற்கும் பழகிவிட்டது. காட்டில் வாழும் கெலாகூட இன்று செம்பனைப் பழத்துக்கு வருகிறது, கெலா பிடிப்பவர்கள் தேடிப் போகும் இரை இதுதான்.

"நம்ம ஆளுங்க நட்ட மரம். நம்ம ஆளுங்க வெட்டுன மரம். அதுல விழுறதைத் தின்னு மீன் வளருது. எந்தப் புத்தகத்துல இதைப் போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே நான் இதை எழுதுகிறேன். ரீல் எது சிறந்தது, லைன் எத்தனை பவுண்டு என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கிராணி ஐயாவின் தலைக்குள் இருக்கும் பட்டியல், எந்த மாதம் எந்த மரம், எந்த வளைவில் எந்த மீன் என்ற அந்தப் பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்காது. தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. தோட்ட லயத்தை விட்டு தாமான் என்னும் குடியிருப்புக்குக் குடிவந்ததும் அவர்களை யாரும் கேட்பதில்லை. நீங்கள் உங்கள் ஊரில் இருக்கும் தாத்தாவிடம் கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

சரி, மீன். ஆறு மணிக்கு லைன் லேசாக நடுங்கியது, நின்றது, அப்புறம் ஒரே ஓட்டம். ஐயாவின் கட்டைவிரல் ஸ்பூலில் அழுந்தியதைப் பார்த்தேன். உள்ளங்கையைவிடப் பெரிய லம்பாம், வெள்ளி உடம்பு, சிவந்த வால், வாலின் ரெண்டு ஓரத்திலும் கறுப்புக் கோடு. தொடர்ந்து இன்னும் சில. எனக்கும் பழத்தைச் சீவிக் கொடுத்தார், எனக்கும் கிடைத்தது. இருட்டியதும் மண்புழுவுக்கு மாறி பாவோங் கெளுத்தி ரெண்டு. அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தினால் இரவு முழுக்கக் கடுக்கும், துணியால் பிடித்துத்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும்.

மச்சான் சற்றுத் தள்ளி நின்று ஸ்பூன் வீசிக்கொண்டிருந்தான். கிளை ஓடை ஒன்று ஆற்றில் விழும் வேகத் தண்ணீரில் ஒரு செபாராவ் அடித்தது. முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒற்றைக் கறுப்புப் பட்டை, அதுதான் அடையாளம். கம்பு அரை வட்டமாக வளைந்தது, அவன் ஆற்றுக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டான். கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது ரபுட். முள் கழன்றுவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. ஐயா மட்டும், "வேகத் தண்ணியில அது நிக்குதுன்னு கண்டுபிடிச்சியே, அது போதும்" என்றார்.

ஞாயிறு, இரவு

லெங்கோங் போகும் பாதையில் ராபான். செண்டரோ அணையால் உண்டான ஏரியின் ஒரு பகுதி. 1930 வாக்கில் கட்டி முடித்த அணை, பேராக் ஆற்றின் மற்ற அணைகளுக்கெல்லாம் மூத்தது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தைய பேராக் மனிதனின் எலும்புக்கூட்டை இங்குள்ள குகையில்தான் கண்டெடுத்தார்கள், புதைத்த இடத்தில் ஆற்று நத்தை ஓடுகள் கிடந்தன. அவரும் இந்தத் தண்ணீரில் இறங்கித் தன் சாப்பாட்டைத் தேடியவர்தான் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படகோட்டி ஒரு மலாய்ப் பெரியவர். லோரி அண்ணன், மச்சான், நான். இலக்கு தோமான். ஏரி முழுக்கச் சின்னச் சின்னத் தீவு, நீர்ச்செடி, தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரம். தோமானும் விரால் குடும்பம்தான், ஆனால் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், பல்லும் தாடையும் வேறு ரகம். அண்ணன் பெட்டியைத் திறந்து முள் நிமிர்ந்துபோன பழைய தவளைகளையும், பல் பதிந்த மர மீனையும் காட்டினார்.

பத்து மணி வாக்கில் பெரியவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார். முப்பது அடி தள்ளி, தாளிக்கும் எண்ணெயில் கடுகு பொரிவது போலத் தண்ணீர் பொரிந்தது. தோமான் குஞ்சுகள். ஆரஞ்சுச் சிவப்பில் நூற்றுக்கணக்காக ஒரே பந்தாக மூச்சு வாங்க மேலே வருகின்றன, இறங்குகின்றன, கொஞ்சம் நகர்ந்து மறுபடி வருகின்றன. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தப் பந்தின் நடுவே எதை வீசினாலும் பெற்றவை பாய்ந்து அடிக்கும். பசிக்காக இல்லை, பிள்ளைகளைக் காப்பாற்ற. பெரிய தோமான் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நிறையப் பேர் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

மச்சான் கம்பைத் தூக்கினான். அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுண்ணே, பிடிச்சிட்டு உடனே விட்டுடுறேன்."

"நீ அதைப் படகுல வெச்சுப் படம் எடுக்கிற நேரத்துல பாதிக் குஞ்சு போயிடும். கீழே செபாராவ் காத்துக்கிட்டு இருக்கும்."

இருவரும் உண்மையாகவே கோபப்பட்டார்கள். மச்சான் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை: வலை போட்டு அள்ளுகிறான், கரண்ட் வைத்துப் பிடிக்கிறான், அவனை விட்டுவிட்டு ஒரு மீனைப் பிடித்து விடுகிற என்னைத் தடுக்கிறாயே என்றான். கரண்டும் விஷமும் வெடியும் 1985ஆம் வருஷ மீன்வளச் சட்டப்படி குற்றம், இருந்தும் நடக்கிறது. ஆனால் நான் அண்ணன் பக்கம். அடுத்தவன் செய்கிற தப்பு நாம் வீசுவதற்குக் காரணமாகாது. கனவு மீன் என்று வாய் நிறையச் சொல்கிறோம். குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசிக்கொண்டே போனால் அந்தக் கனவுக்குக் கொஞ்ச வருஷத்தில் மீனே இருக்காது. படகோட்டிப் பெரியவர் இருவர் பேச்சும் புரியாமலேயே இன்ஜினைக் கிளப்பி வேறு பக்கம் திருப்பிவிட்டார். அவருக்கும் அதே எண்ணம்தான்.

மதியத்துக்கு மேல் மச்சான் அதை நேர்வழியிலேயே செய்தான். திறந்த நீரில் தனித் தோமான் மூச்சு வாங்க எழும். அந்த ஒரு வட்டத்தைப் பார்த்த கையோடு, அது போகும் திசைக்குச் சற்று முன்னால் ஆழம் போகும் பொய் மீனை வீச வேண்டும். நூறு தடவை வீசினால் ஒருமுறை பொருந்தும். பொருந்தியது. படகே ஒரு பக்கம் திரும்பியது. அண்ணன்தான் வலைக்கூடையைப் பிடித்தார், காலையில் நடந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள். கருநீல முதுகு, பக்கத்தில் மங்கிய வெள்ளை, நாலு கிலோ இருக்கலாம். இடுக்கியால் முள்ளைக் கழற்றி, தண்ணீரில் தலையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விட்டான். வாலால் எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போனது.

கரையில் சுட்ட லோமா மீனும் சோறும். லோமா பெக்காசாம் ரெண்டு போத்தல் வாங்கியிருக்கிறேன். உப்பும் வறுத்த அரிசியும் புளியும் போட்டு ஊறவைத்தது, எண்ணெயில் பொரித்து வெங்காயம் மிளகாய் தூவினால் பழைய சோற்றுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

திங்கள், மாலை

இரவு முழுக்க மலையில் மழை. காலையில் பிளஸ் ஆறு தேத்தண்ணி நிறத்தில் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. அதையும் மீறிக் கரையில் ஒரு மணி நேரம் நின்றோம். எல்லோரும் கும்பாவ். வெறுங்கையோடு திரும்பும் நாளுக்கு இந்த நாட்டுத் தூண்டில்காரர்கள் அத்தனை பேரும், எந்த மொழிக்காரராக இருந்தாலும், சொல்வது இதைத்தான்.

கிராணி ஐயா வீட்டில் காப்பி. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் போயிருந்தேன். மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மரம், காய், வளைவு, மீன் என்று கோடு போட்டிருந்தேன். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோட்டக் கணக்கு எழுதிய அதே கையெழுத்தில் தானே எழுத ஆரம்பித்துவிட்டார். ஆகஸ்டு, செப்டம்பருக்கு வந்ததும் நிறுத்தினார். ரப்பர் கொட்டை வெடிக்கும் காலம். இன்னும் பால்மரம் ஆற்றை ஒட்டி நிற்கும் இடம் மேலே ஒன்றுதான் மிச்சம், அந்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன், நீ வந்தால் காட்டுகிறேன் என்றார். நியாயம்தான். நானும் இங்கே எழுதப் போவதில்லை.

மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு அம்பாசடரைப் பிரித்துக்கொண்டிருந்தான். பேரிங் ஒன்று மாற்ற வேண்டுமாம், ஈப்போவில் கிடைக்கும் என்கிறான். பதிலுக்கு ஐயா அவனுக்கு ரப்பர் கொட்டையை ஓடு நீக்கி அவித்துக் கோர்ப்பதைச் சொல்லித் தருகிறார். மெல்லிய லைனில் ஜெலாவாட் நிற்குமா என்று கேட்டான். ஜெலாவாட் ஓடும், நீயும் கரையில் கூடவே ஓடணும் என்றார்.

ஆகஸ்டு கடைசியில் தேசிய தின விடுமுறையை ஒட்டி நான் திரும்ப வருகிறேன். லோரி அண்ணன் அதற்குள் தெமெங்கோருக்குப் படகு பேசி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அரச பெலும் காட்டுப் பூங்காப் பக்கம் போவதென்றால் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், அடையாளக் கார்டு நகலைக் கேட்டிருக்கிறார். மாமா தாப்பாவுக்கென்று தனியாக ஒரு கம்பு பார்த்து வைத்திருக்கிறார், விலை மட்டும் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.